மலையடியில் ஒரு வகுப்பறை

நுழையும் முன்

பள்ளி என்றவுடன் மணியோசையும் கரும்பலகையும் நினைவுக்கு வருகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. மணியோசை நின்றது, கல்வி நிற்கலாகாதே! அப்பொழுது வீடே பள்ளியாக வேண்டியதாயிற்று. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள வித்துரா என்னும் மலையடி ஊரில், தமிழ்க் குடும்பம் ஒன்று தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்திய ஒரு வாரத்தை இப்பாடம் விளக்குகிறது. குடும்பம் கற்பனையானது, ஊரும் பொது நிகழ்வுகளும் ஆண்டுகளும் உண்மையானவை.

ஊரும் குடும்பமும்

திருவனந்தபுரம் நகரிலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் வித்துரா அமைந்துள்ளது. அதற்கு அப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் பொன்முடி. மற்றொரு பக்கம் போணக்காடு; பிரித்தானியர் காலத்தில் தோன்றிய தேயிலைத் தோட்டம் உள்ள இடம். அகத்தியர் மலைக்கு ஏறுவோர் அங்கிருந்தே நடக்கத் தொடங்குவர். வித்துராவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும், மிளகுக் கொடி படர்ந்த சரிவுகளும், காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன.

தோட்ட வேலையை நாடித் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதியில் பல. அவற்றுள் ஒன்றே இக்குடும்பம். தந்தை ரப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி, கன்னியாகுமரி மாவட்டத்தவர். தாய் அங்கேயே தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மலையாளம் பேசுவார், ஆனால் படிக்க அறியார். மகள் பத்தாம் வகுப்பு. மகன் எட்டாம் வகுப்பு. பிள்ளைகள் இருவரும் மலையாள வழியில் பயில்பவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். தமிழ் எழுத்துகளை மட்டும் அறியார்கள். தாயின் எழுத்து பிள்ளைகளுக்குத் தெரியாது. பிள்ளைகளின் எழுத்து தாய்க்குத் தெரியாது.

ஊரடங்கு மாதங்களில் வருவாய் குறைந்து கடன் சேர்ந்திருந்தது. முகக்கவசம் தைக்கும் கடை ஒன்றில் ஆள் தேவைப்படுவதாகப் பிள்ளைகளின் சித்தப்பா கூறினார். “பள்ளிக்கூடம்தான் இல்லையே, ஓராண்டு வேலைக்குப் போகட்டும், பிறகு படித்துக்கொள்ளலாம்” என்பது அவர் கருத்து. மகளுக்கு வயது பதினைந்து. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வியை 2009ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. அவள் அந்த எல்லையைக் கடந்திருந்தாள். “ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம்” என்றார் தாய். தந்தை மறுமொழி கூறவில்லை.

மணியடித்த தொலைக்காட்சி

வீட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருந்தது. கேரள அரசின் ‘கைட் விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசை, 2020 ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பாடத்தொடரைத் தொடங்கியது. முதல் இரு வாரங்கள் வெள்ளோட்டம். ஜூன் 15 திங்களன்று புதிய பாடங்கள் தொடங்கின. ஒவ்வொரு பாடமும் அரைமணி நேரம். பத்தாம் வகுப்புக்கு முற்பகல் 11 மணி முதல் 12.30 வரை, எட்டாம் வகுப்புக்குப் பிற்பகல் 3.30 முதல் 4.30 வரை. பத்தாம் வகுப்புப் பாடங்கள் மாலை 5.30 மணிக்கு மீண்டும் ஒளிபரப்பாயின. தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன.

இந்த அலைவரிசை பெருந்தொற்றுக்காகத் திடீரென உருவானதன்று. கல்விக்கென்றே இந்தியா ஏவிய ‘எஜுசாட்’ செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. அதனைப் பயன்படுத்தும் விக்டர்ஸ் திட்டத்தை 2005ஆம் ஆண்டில் தொடங்கி வைத்தவர், அந்நாளைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இராமேசுவரத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் பல ஆண்டுகள் பணியாற்றிய தமிழர் அவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இடப்பட்ட அடித்தளம், பள்ளிகள் மூடப்பட்ட வேளையில் கைகொடுத்தது.

தொலைக்காட்சி பாடம் நடத்தும். ஆனால் மாணவரின் ஐயத்தைக் கேட்காது. ஐயம் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். அதற்குத் தாய் ஒரு வழி கண்டார். “மக்களே, டிவியில் கேட்டதை அப்படியே எனக்குத் தமிழில் சொல்லு. எனக்குப் புரியவில்லை என்றால் நான் கேட்பேன்” என்றார். அவ்வாரம் முழுவதும் அவ்வீட்டில் நடந்த கல்விமுறை இதுவே.

திங்கள்: கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்கின் முதற்பாடம் கூட்டுத் தொடர்வரிசை. ஒரே எண்ணைத் தொடர்ந்து கூட்டுவதால் கிடைக்கும் எண்களின் வரிசை அது. மகள் அதனைத் தாய்க்கு விளக்க, வீட்டின் பின்புறச் சரிவில் நிற்கும் மிளகுக் கொடிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டாள். மேல் வரிசையில் 7 கொடிகள். அதன் கீழ் 11. அதன் கீழ் 15. வரிசைதோறும் 4 கூடுகிறது.

“பத்தாவது வரிசையில் எத்தனை வரும்?” என்று தாய் வினவினார். மகள் 4ஐப் பத்தால் பெருக்கி 7ஐக் கூட்டி, 47 என்றாள். தாய் விரல்விட்டு எண்ணினார். “முதல் வரிசையில் நீ எதையும் கூட்டவில்லையே? பிறகு எப்படிப் பத்து முறை கூட்டுவாய்?” என்றார். மகள் சற்று நேரம் சரிவையே நோக்கினாள். பத்தாவது வரிசையை அடைய ஒன்பது முறையே கூட்டவேண்டும். 7 + (9 × 4) = 43. மாணவர் பலர் பிழை செய்யும் இடம் இதுவே. வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்க்குத் தெரியாத காரணம், கொடிகளை எண்ணியவர்க்குத் தெரிந்தது.

பத்து வரிசைகளிலும் உள்ள கொடிகளின் கூடுதலையும் அவர்கள் கண்டனர். முதல் வரிசையும் கடைசி வரிசையும் சேர்ந்தால் 7 + 43 = 50. இரண்டாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தால் 11 + 39 = 50. இவ்வாறு ஐந்து இணைகள். ஆகவே 250 கொடிகள்.

செவ்வாய்: வேதியியல்

அன்று முற்பகல் பெருமழை பெய்தது. 11 மணிக்கு மின்சாரம் நின்றது. மாலை மறு ஒளிபரப்பு வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளைகள் தந்தையுடன் ரப்பர் உறை கொட்டகைக்குச் சென்றனர்.

தந்தை விடியற்காலையிலேயே மரங்களில் பால் வெட்டிவிடுவார். வெயில் ஏறிய பின் இலைகள் நீரை மிகுதியாக ஆவியாக்கும். மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிதல் தளரும். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் மழைக்காப்புக் கட்டுவதும் வழக்கம். சிரட்டைகளில் சேர்ந்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி நீர்.

தந்தை பாலில் நீர் கலந்து, நீர்த்த ஃபார்மிக் அமிலத்தை ஊற்றிக் கலக்கினார். சிறிது நேரத்தில் பால் உறையத் தொடங்கியது. “ஏன் உறைகிறது, அப்பா?” என்று மகன் கேட்டான். “ஆசிட் ஊற்றினால் உறையும், எனக்கு அவ்வளவுதான் தெரியும்” என்றார் அவர். இருபது ஆண்டுகள் அவர் செய்துவந்த செயலுக்குக் காரணம், மாலையில் மகளின் பழைய அறிவியல் புத்தகத்தைத் துணைகொண்டு கிடைத்தது. ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் உண்டு. அது எதிர் மின்னூட்டம் உடையது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். அதனால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேரும்போது அம்மின்னூட்டம் நடுநிலையாகிறது. விலகி நின்றவை ஒட்டிக்கொள்கின்றன.

“பாலில் மோர் ஊற்றினால் தயிராவதும் இப்படித்தானோ?” என்று தாய் கேட்டார். மோரிலுள்ள நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன; அந்த அமிலமே பாலிலுள்ள புரதத்தை ஒன்றுசேர்க்கிறது. தாயின் வினாவிலேயே விடை இருந்தது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தை ஊற்றவேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது என்னும் எச்சரிக்கையைத் தந்தை தம் பட்டறிவால் சொன்னார். அதனை மகள் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினாள்.

புதன்: உயிரியல்

வித்துராவுக்கு அண்மையில் பாலோடு என்னும் ஊர் உள்ளது. அங்கு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டு அறிவியலாளர் சிலர் அகத்தியர் மலைக்காட்டில் ஆய்வுக்குச் சென்றனர். வழிகாட்டிகளாக வந்தவர்கள் காணிக்காரர்கள். மலையேற்றத்தில் அறிவியலாளர்கள் களைத்தனர்; வழிகாட்டிகளோ ஏதோ ஒரு செடியின் சிறு காய்களை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். அச்செடி ஆரோக்கியப்பச்சை. அறிவியல் அதனை டிரைகோபஸ் ஜெய்லானிக்கஸ் என்னும் பெயரால் அறியும்.

ஆய்வுக்குப் பின் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. அதன் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் இரண்டு விழுக்காட்டுப் பங்குக்கும் அளிக்கப்பட்டது. அவ்வாறு கிடைத்த தொகையில் பாதி காணிக்காரர்க்கு உரியது என ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. அதனைப் பெறுவதற்கென 1997ஆம் ஆண்டில் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. மரபறிவுக்கு உரியவர்களுடன் பயனைப் பகிர்ந்துகொண்ட முன்னோடி நிகழ்வாக உலகெங்கும் இது பேசப்படுகிறது.

“படிக்காதவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் கேட்டார்கள்” என்று மகன் சுருக்கிச் சொன்னான். அதைக் கேட்ட மகள் திருத்தினாள்: “அவர்கள் காட்டைப் படித்தவர்கள்.” காணிக்காரர் தமிழகத்தின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்ட மலைகளிலும் வாழ்கின்றனர். அவர்களின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும்.

வியாழன்: சமூக அறிவியல்

அன்று பாடம் நிலவரைபடம். வித்துராவுக்குக் கிழக்கே உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையின் உயரம் 1868 மீட்டர். தமிழ் மரபு அதனைப் பொதிகை என்று போற்றுகிறது; தமிழுக்கு முதலில் இலக்கணம் செய்தவர் அகத்தியர் என்பதும், அவர் இங்கு வாழ்ந்தார் என்பதும் தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. மலைத்தொடரின் முகடு ஒரு நீர்பிரி மேடு. அதன் கிழக்குப் பக்கம் விழும் மழை தாமிரபரணியாகித் திருநெல்வேலி வழியாக மன்னார் வளைகுடாவை அடைகிறது. மேற்குப் பக்கம் விழும் மழை நெய்யாறாகவும் கரமனை ஆறாகவும் ஓடி அரபிக்கடலில் கலக்கிறது. கரமனை ஆற்றின் மீது வித்துராவுக்கு அருகில் பேப்பாறை அணை உள்ளது. திருவனந்தபுரம் நகரின் குடிநீர் அங்கிருந்து செல்கிறது.

மலை உயர உயரக் குளிர்வதேன் என்பதற்கும் கணக்கு உண்டு. 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். பொன்முடியின் உயரம் ஏறத்தாழ 1100 மீட்டர். கடல் மட்டத்தில் 30 பாகை எனில் பொன்முடியில் ஏறத்தாழ 23 பாகை இருக்கும்.

வரைபடத்தில் மாநில எல்லைக்கோட்டைக் கண்ட மகன், “நம் பாட்டி ஏன் அந்தப் பக்கம் இருக்கிறார்?” என்று கேட்டான். அக்கோடு எப்போதும் அங்கே இருந்ததில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் முன்பு திருவிதாங்கூரில் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அவை சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஆகவே, வித்துராவும் பாட்டியின் ஊரும் ஒருகாலத்தில் ஒரே அரசின் கீழ் இருந்தவை. அந்த 2020 ஜூனில் எல்லையைக் கடக்க அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. பாட்டியைக் கண்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

வெள்ளி: மொழி

ஜூன் 19 வாசிப்பு நாள். கேரளத்தில் நூலக இயக்கத்தைக் கட்டி எழுப்பிய பி.என். பணிக்கரின் நினைவு நாள் அது. நூலகத்துக்குச் செல்ல இயலாத அந்நாளில், தாய் தம் பெட்டியிலிருந்து எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தார். பாட்டிக்கு மகள் தன் கையால் தமிழில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்பது அன்றைய பாடம்.

மகளுக்கு மலையாள எழுத்துகள் தெரியும். ஆகவே உச்சரிப்பு எளிதாக இருந்தது. ‘ழ’ இரு மொழிகளுக்கும் பொது. ஆனால் ஓர் இடத்தில் அவள் தடுமாறினாள். “மலையாளத்தில் க வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றுதானே, அம்மா? எதை எப்படிப் படிப்பது?” என்றாள். தாய் இலக்கணப் பெயர்களை மறந்திருந்தார். ஆயினும் சொற்களைச் சொல்லிக் காட்டினார். கடல், பக்கம், அகம், பங்கு. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் ககரம் வன்மையாக ஒலிக்கிறது. உயிரொலிகளுக்கு இடையே மென்மையாகிறது. மெல்லெழுத்தை அடுத்து வரும்போது வேறோர் ஒலி பெறுகிறது. எழுத்து ஒன்றே, இடம் அதன் ஒலியைத் தீர்மானிக்கிறது.

கடிதத்தில் பதினொரு வரிகள். ‘மழை’ என்பதை ‘மளை’ என்றும், ‘வெட்டுகிறார்’ என்பதை ‘வெட்டுகிரார்’ என்றும் மகள் எழுதியிருந்தாள். தாய் பென்சிலால் திருத்தினார். மகன் கடைசியில் தன் பெயரை மட்டும் தமிழில் எழுதினான்; அதற்கே கால்மணி நேரம் ஆயிற்று. மாலையில் கடிதம் அஞ்சல் பெட்டியில் சேர்ந்தது.

சனி: திருப்புதல்

வார இறுதியில் பாடங்கள் மறு ஒளிபரப்பாயின. ஐந்து நாள் குறிப்புகளைப் படமெடுத்து ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். வீட்டிலிருந்த ஒரே கைபேசி தந்தையுடன் சென்றிருந்தது. அவர் திரும்பிய பின், சமிக்ஞை கிடைக்கும் மேட்டுக்கு ஏறி இருவரும் பதினான்கு படங்களை அனுப்பினர். இருட்டும் வரை நேரம் ஆயிற்று. சில பிள்ளைகளின் வீட்டில் ஆளுக்கொரு கைபேசி. சிலரது வீட்டில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கல்வியின் பெருங்குறை இதுவே. பள்ளியில் எல்லாரும் ஒரே கரும்பலகையைப் பார்ப்பர். வீடுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஞாயிறு: இயற்பியல்

ஜூன் 21 அன்று வானமே பாடம் நடத்தியது. அன்று சூரிய கிரகணம். இராசத்தான், அரியானா, உத்தராகண்டம் ஆகிய மாநிலங்களின் சில பகுதிகளில் வளைய கிரகணமாகவும், கேரளம் உள்ளிட்ட பிற இடங்களில் பகுதிக் கிரகணமாகவும் அது அமைந்தது. சூரியனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. எனவே பிள்ளைகள் ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே வெள்ளைத் தாளில் ஒளியை விழச் செய்தனர். ஒளி நேர்கோட்டில் செல்வதால் துளை வழியே சூரியனின் உருவம் தலைகீழாக விழும். முகில் விலகிய சில நிமிடங்களில், கடிக்கப்பட்ட அப்பம் போன்ற வடிவம் தாளில் தெரிந்தது. “அங்கே பாருங்கள்!” என்று தாய் முற்றத்தைக் காட்டினார். பலாமரத்து இலைகளின் இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, தரையெங்கும் அதே வடிவங்களைச் சிதறியிருந்தன.

அன்றிரவு சித்தப்பா தொலைபேசியில் அழைத்துத் தையற்கடையைப் பற்றிக் கேட்டார். தந்தை உடனே விடை கூறாமல் மகளின் குறிப்பேட்டைப் புரட்டினார். மலையாள எழுத்து அவருக்கும் புரியாது. ரப்பர்ப் பால் உறையும் படம் புரிந்தது. “அவள் படிக்கட்டும். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்” என்றார். தோட்டக்காரர் அழைத்தால் கிடைக்கமாட்டாரே என்று தாய் கவலைப்பட்டார். “நேரில் வந்து சொல்வார்” என்றார் தந்தை.

பிறகு நிகழ்ந்தவை

கேரளத்தில் 2021 சனவரி 1 முதல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளிகள் ஓரளவு திறக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெற்றது. 2021 நவம்பர் 1 அன்று ஏனைய வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறக்கத் தொடங்கின.

படிப்பை இடையில் விட நேர்ந்தவர்களுக்கும் வழி உண்டு. 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், பதினான்கு வயது நிரம்பியோர் வீட்டிலிருந்தே பயின்று பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெறவேண்டும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகளுக்குள் தேர்வுகளை முடிக்கலாம். அங்கு மொழிப்பாடமாகத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம்.

அருஞ்சொற்பொருள்

மக்களே – குமரி மாவட்டத்தில் பெற்றோர் பிள்ளையை அன்புடன் அழைக்கும் சொல்
வெள்ளோட்டம் – முன்னோட்டமாகச் செய்து பார்த்தல்
சிரட்டை – கொட்டாங்கச்சி
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு
நீர்பிரி மேடு – மழைநீரை இருபுறமும் பிரித்து அனுப்பும் உயர்நிலம்
முகடு – உச்சி
திருப்புதல் – படித்ததை மீண்டும் படித்தல்
முகில் – மேகம்

மொழியை அறிவோம்

க, ச, ட, த, ப, ற ஆகிய ஆறும் வல்லெழுத்துகள். இவற்றின் இன மெல்லெழுத்துகள் முறையே ங, ஞ, ண, ந, ம, ன. ‘பங்கு’, ‘பஞ்சு’, ‘வண்டு’, ‘பந்து’, ‘பாம்பு’, ‘கன்று’ ஆகிய சொற்களில் வல்லெழுத்துக்கு முன் அதன் இனமே நிற்பதைக் காண்க. இச்சொற்களை உரக்கப் படித்து, வல்லெழுத்தின் ஒலி எவ்வாறு மாறுகிறது எனக் கவனிக்க.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஆண்டு ________.
2. தாமிரபரணி ________ வளைகுடாவில் கலக்கிறது.
3. ரப்பர்ப் பாலை உறையச் செய்ய ________ அமிலம் பயன்படுகிறது.
4. கேரளத்தில் வாசிப்பு நாள் கொண்டாடப்படும் நாள் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மகள் 47 என்று முதலில் கூறியதில் இருந்த பிழை யாது?
2. விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டுவது ஏன்?
3. “அவர்கள் காட்டைப் படித்தவர்கள்” – யார், எப்பொழுது கூறியது?
4. இலை இடைவெளிகள் கிரகணத்தின் வடிவத்தைக் காட்டியது எவ்வாறு?

இ. சிந்தித்து எழுதுக.
1. சித்தப்பாவின் கருத்தில் உள்ள நியாயம் யாது? தந்தையின் முடிவால் அக்குடும்பம் எதை இழக்க நேரலாம்? எதைப் பெறும்?
2. தாய்க்கு மலையாளம் படிக்கத் தெரியாமை மகளின் கல்விக்குத் தடையாயிற்றா, துணையாயிற்றா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. கணக்கிடுக.
அகத்தியர் மலையின் உயரம் 1868 மீட்டர். கடல் மட்டத்தில் வெப்பநிலை 30 பாகை எனில், மலையுச்சியில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?

உ. செயல்பாடு
இவ்வாரம் பள்ளியில் கற்ற அறிவியல் பாடம் ஒன்றை வீட்டில் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக. அவர் கேட்ட வினாக்களைக் குறித்து வருக. பின்னர், சொந்த ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழில் பத்து வரிகளில் கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்க.